தட்டு மேலே போவதற்கு முன்

பிரமிளா கீழே கத்தினால் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்கும் என்று அந்த மருத்துவமனையில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. ஒரு தடவை வாசல் பாதுகாவலரே பதறி ஓடி வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கஞ்சியில் உப்புக் கூடிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் அடித்தளத்தில் சமையலறை. அங்கே பிரமிளா ஒன்பது வருஷமாக சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே பதினோரு பேர். வேளைக்கு நூற்றெண்பது தட்டு மேலே போக வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு இருக்கும், நோயாளியின் பெயரும் அறை எண்ணும் என்ன சாப்பிடக்கூடாது என்பதும் அதில் இருக்கும். சர்க்கரைக்காரருக்குப் போக வேண்டிய தட்டு மாறிப் போனால் அது உயிரோடு விளையாடுகிற விளையாட்டு. அதனால்தான் கத்துகிறேன் என்பாள். கத்தினால்தான் வேலை நடக்கும் என்பது அவள் கட்சி.

அவள் என்ன சொன்னாலும் பதினோரு வாயிலிருந்தும் "சரிக்கா" என்றுதான் பதில் வரும். எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது, கேள்வி கிடையாது. என் கிச்சனில் என் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இருக்காது என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வாள். அடிப் பாவி, கோளாறே அதுதான் என்று அவளுக்கு யார் போய்ச் சொல்வது? சொன்னால் மோட்டார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்குமே.

ஜூலை மாதம் அது வெடித்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முட்டி அறுவை சிகிச்சைக்காக வந்து படுத்திருந்தார். இறால் அவருக்கு ஆகவே ஆகாது. சீட்டில் சிவப்பு மையில் அப்படியே போட்டிருந்தது. புதன்கிழமை மத்தியானம் அவருக்குப் போனது வெறும் காய்கறிப் பிரட்டல்தான், இறால் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் பிரட்டலில் ஊற்றிய சாஸ் அந்த வாரம்தான் வந்த புது பிராண்டு. அதில் இறால் கலந்திருந்தது. கால் மணி நேரத்தில் அந்த அம்மாவுக்கு முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள். உயிர் தப்பியது அந்த அம்மா செய்த புண்ணியம்.

மூன்றாம் மாடியில் விசாரணை நடந்தது. நடத்தியவர் உணவுப் பிரிவு மேனேஜர் சுகுமாரன். கசங்காத சட்டை, கசங்காத முகம். அந்த சாஸ் பாட்டிலை யார் திறந்தது என்று கேட்டார். தட்டு வரிசையில் நிற்கும் கோகுலன், நான்தான் சார் என்றான். திங்கட்கிழமையே திறந்தானாம். லேபிளைப் படித்தாயா என்றார். படித்தேன், 'உடாங்' என்று மலாயில் போட்டிருந்தது, இறால்தான், பார்த்தேன் என்றான். பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று மேசையைத் தட்டினார் சுகுமாரன். கோகுலன் தரையைப் பார்த்தான்.

"அக்காகிட்ட சொல்ல பயமா இருந்துச்சு சார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரமிளா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் அவன் சொன்னது பாதிதான். மீதி அவளுக்கு மட்டும் தெரியும். அந்தத் திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கோகுலன் கையில் பாட்டிலோடு அவள் அறை வாசலில் வந்து நின்றான். ரொட்டி வராத எரிச்சலில் அவள் டெலிபோனில் யாரையோ பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், இப்ப என்னடா, போய் வேலையப் பாரு என்று விரட்டினாள். அவன் ஒரு நிமிஷம் நின்றான், போய்விட்டான். பையன் அதை இப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளாவது சொல்லியிருக்கலாம். வாழ்நாளெல்லாம் மூட வேண்டிய இடத்திலெல்லாம் வாயைத் திறந்த பொம்பளை, திறக்க வேண்டிய ஒரே இடத்தில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோகுலனுக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு தப்பு நடந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து விடியுமுன் பாலத்தைத் தாண்டி மோட்டாரில் வருகிறவன். நான்கு வயதில் ஒரு பிள்ளை, மனைவிக்கு இது ஆறாம் மாதம். சமையலறைக்கும் ஒரு கெடு வைத்தார் சுகுமாரன். அக்டோபர் முடிவதற்குள் இன்னொரு நோயாளிக்கு ஏதாவது ஆனால் மொத்த வேலையும் வெளிக் கம்பெனிக்குப் போய்விடும், பதினோரு பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் சட்டை கசங்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி பிரமிளாவுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர், என்னம்மா வாயே திறக்கவில்லை, உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள், பாட்டிலைத் தவிர. அவர் யோசித்துவிட்டு, எங்கள் ஆட்கள் வேலைக்கு ஏறும் முன் தினம் பத்து நிமிஷம் நின்று பேசுவோம், நேற்று எது தப்பாய்ப் போனது என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம் என்றார். யார் மேலாவது கோபப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று பிரமிளா கேட்டாள். கோபப்பட்டால் மறுநாள் எவன் வாயைத் திறப்பான் என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டு மீன் முள்ளை எடுக்கத் தொடங்கிவிட்டார்.

அவள் படுத்தபடியே முடிவு எடுத்தாள். பிரமிளா ஒரு முடிவு எடுத்தால் அதை அசைக்க ஆள் பிறக்கவில்லை, அந்த ஒரு நல்ல குணம் அவளிடம் இருந்தது.

மறுநாளிலிருந்து காலை ஐந்து நாற்பதுக்கு எல்லாரும் எஃகு மேசையைச் சுற்றி நிற்க வேண்டும். பத்தே நிமிஷம். நேற்று தான் செய்த தப்பு ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் திட்டக்கூடாது. முதலில் பிரமிளா சொல்வாள். இதைக் கேட்டதும் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. தலைமைச் சமையற்காரி நூர்ஜான், இந்த வேலையில் இருபது வருஷம் போட்டவள், சீட்டு ஒட்டும் நஜ்வாவின் காதில் ஏதோ சொன்னாள். பிற்பாடு தெரிந்தது, பந்தயமாம். இந்தக் கூத்து பத்து நாளைக்கு மேல் தாங்காது, தாங்கினால் நான் உனக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கித் தருகிறேன் என்று நூர்ஜான் சொல்லியிருக்கிறாள்.

முதல் நாள் பிரமிளா, நேற்று ரொட்டி எண்ணிக்கையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். வேறு யார் என்று கேட்டாள். யாரும் இல்லை. எல்லாரும் உத்தமர்கள். இரண்டாம் நாள் சாவியை மறந்தேன் என்றாள். மூன்றாம் நாள் ஒரு போன் எடுக்காமல் விட்டேன் என்றாள். பதினோரு பேரும் அப்பளம் பொரிகிறதைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார்கள். நான்காம் நாள் நூர்ஜான் கையைத் தூக்கியதும் பிரமிளாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. "தப்பு ஒண்ணும் இல்ல பிரமிளா, பசியாறப் போலாமாலா?" என்றாள் அவள்.

விடவில்லை. மழை கொட்டித் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற நாளும் பிரமிளா ஐந்து நாற்பதுக்கு நின்றாள். தன் விடுமுறை நாளில்கூட பத்து நிமிஷத்துக்காக தான் குடியிருக்கும் ரைபிள் ரேஞ்ச் பிளாட்டிலிருந்து இறங்கி வந்து, நின்று, பேசி, திரும்பிப் போய்ப் படுத்தாள். வீட்டுக்காரர், நான் சொன்னது ஒரு பேச்சுக்கு என்றார். எனக்கு அது பேச்சு இல்லை என்றாள்.

ஒன்பதாம் நாள் சறுக்கினாள். மத்தியானம் நஜ்வா இரண்டு சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். மேலே போகுமுன் கண்டுபிடித்தாயிற்று, ஆனால் பிரமிளாவுக்குக் கண் மண் தெரியவில்லை. உன் கண்ணு எங்கடி இருக்கு, உன்னை வேலைக்கு வைத்தவனைச் சொல்ல வேண்டும் என்று தொடங்கி எங்கெங்கோ போய்விட்டாள். நஜ்வா அழுதுகொண்டே ஒட்டினாள். நூர்ஜான் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்தது பிரமிளாவுக்குத் தெரிந்தது. தே தாரிக் மிச்சம்.

மறுநாள் விடியலில் மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். எந்த முகத்தோடு உள்ளே போவது? பேசாமல் இதை விட்டுவிடலாம், யாரும் தேடப்போவதில்லை, எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். மணி ஐந்து முப்பத்தெட்டு. கோகுலன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் பாலத்தைத் தாண்டி வருகிறான் என்பது ஞாபகம் வந்தது. சட்டென்று இறங்கி உள்ளே நடந்தாள். நேராக மேசைக்கு வந்து, "நேத்து நஜ்வாவ எல்லார் முன்னாடியும் திட்டினேன். சீட்டு மாறினது அவ தப்பு. அப்படிப் பேசினது என் தப்பு" என்றாள். நஜ்வா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

ஆனால் உள்ளே ஒன்று அறுத்துக்கொண்டே இருந்தது. ரொட்டிக் கணக்கும் சாவியும் தப்பா? சின்னச் சின்னதாய்ப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் பெரியதை மடியில் கட்டிக்கொண்டு நிற்கிறோம், பிறகு இவர்கள் எப்படி வாயைத் திறப்பார்கள்? பன்னிரண்டாம் நாள் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கோகுலன் அந்த பாட்டிலை எங்கிட்ட கொண்டு வந்தான். திங்கக்கிழமையே வந்தான். நான்தான் பேசவிடாம விரட்டினேன். மேல விசாரணையில அதை நான் சொல்லல. பயந்துட்டேன். அந்த லெட்டர் அவனுக்கு வந்திருக்கக்கூடாது."

கோகுலன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விடுங்கக்கா என்றான். அவமானத்தில் பிரமிளாவுக்குக் காது இரண்டும் எரிந்தன, ஆனாலும் இத்தனை நாளில் முதல் தடவையாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருந்தது.

அப்போதுதான் நூர்ஜான் தொண்டையைச் செருமினாள். உப்புக் குறைத்த சூப்புக்கு அளக்கிற கரண்டி ரமலான் மாதமே தொலைந்துவிட்டதாம். அன்றிலிருந்து கைக் கணக்கில்தான் போடுகிறாளாம். கேட்டால் கரண்டியை எங்கே தொலைத்தாய் என்று நீ ஆடுவாயே என்று கேட்கவில்லையாம். இதயக்காரர்களும் சிறுநீரகக்காரர்களும் குடிக்கிற சூப், நாலைந்து மாதமாகக் கைக் கணக்கு! பிரமிளாவுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. மேசை விளிம்பை விடவில்லை. விரல் வெளுத்துப் போகும் வரை பிடித்துக்கொண்டு, "சொன்னதுக்கு நன்றிக்கா. புதுக் கரண்டி இன்னைக்கே வாங்கிடுவோம்" என்றாள். நூர்ஜான் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்குப் பசியாறும் நேரத்தில் நஜ்வாவின் முன்னால் ஒரு தே தாரிக் இருந்தது.

அதே நாள் பிரமிளா மூன்றாம் மாடிக்கு ஏறி சுகுமாரனிடமும் பாட்டில் கதையைச் சொன்னாள். அவர் முகம் கடுகடுத்தது. பைல் மூடியாகிவிட்டது, மேலிடத்துக்கு அறிக்கை போய்விட்டது, கிளறினால் எல்லாருக்கும் தலைவலி, கடிதம் கடிதம்தான் என்றார். அவள் அடுத்த வாரமும் ஏறினாள், அதற்கு அடுத்த வாரமும் ஏறினாள். மூன்றாவது தடவை அவர் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

கீழே மட்டும் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று வெளியே வந்தது. ஒருவன் பால் தேதியைப் பார்க்க மறந்ததைச் சொன்னான். ஒருத்தி கையுறை மாற்றாமல் வேறு தட்டைத் தொட்டதைச் சொன்னாள். பிரமிளா இன்னும் இரண்டு தடவை கத்தினாள், இரண்டு தடவையும் மறுநாள் காலையில் அதைச் சொன்னாள். மூன்றாவது தடவை கத்த வாயைத் திறந்தவள், நாளைக்குக் காலையில் இதைச் சொல்லியாக வேண்டுமே என்று நினைத்து மூடிக்கொண்டாள். செப்டம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் வரவே முடியவில்லை. ஐந்து ஐம்பதுக்கு நஜ்வா போன் பண்ணி, இன்றைக்கு ஆறு தப்பு, எல்லாம் சொல்லியாச்சுக்கா என்றாள். போனை வைத்துவிட்டுப் பிரமிளா கொஞ்ச நேரம் அழுதாள். காய்ச்சல் கண்ணீர் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டாள்.

அக்டோபர் வந்தது. சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழாவும் வந்தது. அந்த ஒன்பது நாளும் பினாங்கில் பாதிச் சீனர்கள் சைவம். கடைக்குக் கடை மஞ்சள் கொடி பறக்கும். அவர்கள் சைவம் நம் சைவம் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட அவர்களுக்கு ஆகாது. மருத்துவமனையில் படுத்திருப்பவர்களும் விரதத்தை விடுவதில்லை, நோய் என்பதால் இன்னும் பிடிவாதமாகப் பிடிப்பவர்கள் உண்டு. அவர்கள் தட்டுக்கு மஞ்சள் சீட்டு. அந்த வருஷம் ஐம்பத்திரண்டு பேர்.

ஏழாம் நாள் மத்தியானம் மருத்துவமனை இயக்குநர் டாக்டர் இஸ்ஸதி சமையலறைக்கு நேரில் வந்தார். கெடு முடிய இன்னும் சில நாள்தான். வெளிக் கம்பெனியா, இவர்களேயா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். கூடவே சுகுமாரன், சட்டை இன்னும் நன்றாகத் தேய்த்திருந்தது. டாக்டர் அதிகம் பேசவில்லை, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அரிசிச் சேமியா போட்ட மீகூன் சூப். வரிசையின் கடைசியில் கோகுலன். சாதாரணத் தட்டுக்குச் சூப்பின் மேல் பொரித்த பூண்டு எண்ணெய் ஒரு கரண்டி விட்டு மூட வேண்டும், மஞ்சள் சீட்டுக்கு விடாமல் மூட வேண்டும். பூண்டு எண்ணெய் விடாத மீகூன் சூப்பை இந்த ஊரில் யார் குடிப்பார்கள்? ஆறு வருஷமாக அந்தக் கை ஒரே மாதிரி போய் வந்த கை. பார்வையாளர்கள் நிற்கிறார்கள் என்ற படபடப்பில் தட்டுகளை வேகமாக மூடித் தள்ளினான். பதினொன்றரைக்கு நான்கு தள்ளுவண்டியும் நிறைந்தன. மஞ்சள் சீட்டு வண்டி மின்தூக்கியின் வாசலுக்குப் போய்விட்டது. கதவு திறந்தது.

"அக்கா, நிறுத்துங்க. மேல போக வேணாம்."

எல்லாரும் திரும்பினார்கள். கோகுலன் கையில் கரண்டி. முகத்தில் இரத்தமே இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டினான். சாதாரணத் தட்டுக்கு அளந்து ஊற்றி வைத்தது, கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும், அடி வரைக்கும் காலியாகியிருந்தது. மஞ்சள் சீட்டிலும் கை போயிருக்கு, எத்தனை தட்டு, எந்தத் தட்டு என்று தெரியவில்லை என்றான்.

பிரமிளாவுக்குச் சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்தது. இன்றைக்குத்தானாடா? இந்த டாக்டரம்மா நிற்கும்போதுதானாடா? மூன்று மாதத்துப் பாடு, பதினோரு பேர் பிழைப்பு, உன் வீட்டில் நிறைமாதக்காரி, எல்லாம் இந்த ஒரு கரண்டியில் போச்சே! கோகுலன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வரப்போவதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அந்தச் சத்தம் அப்படியே இறங்கிவிட்டது.

சுகுமாரன் சிரித்தபடி முன்னால் வந்தார். "பூண்டுதானே? அதுவும் சைவம்தானே. யாருக்குத் தெரியப்போகுது, அனுப்புங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"அவுங்களுக்கு அது விரதம் சார்" என்றாள் பிரமிளா. பிறகு கோகுலனைப் பார்த்து, "நல்லவேளை சொன்ன. மஞ்ச வண்டி திரும்பி வரட்டும், அம்பத்திரண்டையும் மாத்துறோம்" என்றாள்.

அவள் குரல் மோட்டார் நிறுத்துமிடம் வரைக்கும் போகவில்லை. அந்த அறையைத் தாண்டியே போகவில்லை. பூண்டு படாத சூப் அண்டாவில் பாதி இருக்கிறது என்று நூர்ஜான் கேட்காமலே சொன்னாள். புதுக் கிண்ணம், புதுக் கரண்டி வந்தது. நஜ்வா ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தி மூட, பிரமிளாவே ஒவ்வொரு மாடிக்கும் போன் பண்ணி அரை மணி தாமதம், காரணம் இது என்று ஒளிக்காமல் சொன்னாள். பிறகு டாக்டரிடம் வந்து நின்றாள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து பால்குடம் எடுக்கிறவள் நான், அந்த நாளில் எனக்கு யாராவது தெரியாமல் முட்டை வைத்தால் எப்படி இருக்கும், அதனால்தான் நிறுத்தினேன் என்றாள். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். பன்னிரண்டு ஐந்துக்கு ஐம்பத்திரண்டு தட்டும் மேலே போயின.

இரண்டு மணிக்கு மூன்றாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. கோகுலன் தன் பொருட்களைப் பையில் அடைத்துவிட்டுத்தான் ஏறினான். கூப்பிடாமலே பிரமிளாவும் கூட ஏறினாள். உங்களைக் கூப்பிடவில்லையே என்றார் சுகுமாரன். தெரியும் சார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் இஸ்ஸதி சன்னலோரம் இருந்தார்.

சுகுமாரன் சுற்றி வளைக்கவில்லை. கடைசி எச்சரிக்கை இருக்கிறது, மறுபடியும் தப்பு நடந்திருக்கிறது, விதி எல்லாருக்கும் ஒன்று என்றார். பிரமிளா எழுந்தாள். ஜூலையில் இதே அறையில் சொல்லாமல் விட்டதை டாக்டர் காதுபடச் சொன்னாள். பாட்டிலைக் கொண்டு வந்தவன் இவன், விரட்டியவள் நான், இதைச் சொல்ல மூன்று தடவை மேலே ஏறி வந்தேன், கடிதம் கடிதம்தான் என்றார்கள் என்றாள். இன்றைக்கு இவனை அனுப்பினால் நாளைக்குக் கீழே ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அடுத்த தடவை பூண்டாக இருக்காது, இறாலாக இருக்கும் என்றாள்.

டாக்டர் சுகுமாரனைத் திரும்பிப் பார்த்தார். இது எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். சுகுமாரன் பேனாவை எடுத்தார், வைத்தார். பிறகு டாக்டர் கோகுலன் பக்கம் திரும்பினார்.

"சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது தம்பி. வேலை போகும்னு உனக்குத் தெரியும். அப்புறம் ஏன் சொன்ன?"

கோகுலன் யோசித்தான். வீர வசனம் பேசுகிற ஆள் இல்லை அவன்.

"நாளைக்குக் காலைல எப்படியும் சொல்லியிருப்பேன் டாக்டர். அதுக்குள்ள அவுங்க சாப்பிட்டிருப்பாங்க. இப்ப சொன்னா தட்டு இன்னும் கீழதான இருக்கு."

பிரமிளா அவனையே பார்த்தாள். எத்தனை விடியல், எத்தனை மழை, எத்தனை தடவை நாக்கைக் கடித்துக்கொண்டது, எல்லாம் இந்தப் பையன் வாயில் இரண்டு வரியாக வந்து நின்றது.

சமையலறை வெளியே போகாது என்றார் டாக்டர் இஸ்ஸதி. ஜூலைக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். கோகுலன் பெயரில் இருப்பதை ரத்து செய்யச் சொன்னார். ஆனால் ஒரு நோயாளி சாகப் பார்த்திருக்கிறார், யாரும் பொறுப்பில்லை என்று பைலில் எழுத முடியாது என்றும் சொன்னார். பிரமிளா, என் பேரைப் போடுங்கள் என்றாள். டாக்டர் அவளை ஒரு தரம் கூர்ந்து பார்த்தார். சுகுமாரன் புதிதாக அடித்து எடுத்த கடிதத்தை அவள் முன்னால் வைத்தார். கடைசி எச்சரிக்கை, இன்னொரு தப்பு நடந்தால் வேலை இல்லை. ஒன்பது வருஷத்தில் அவளுக்கு வந்த முதல் கடிதம். முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த முறை சுகுமாரனுக்குத்தான் போல, அவரைப் பார்த்து, நீங்கள் மட்டும் இருங்கள் என்றார் டாக்டர்.

மின்தூக்கியில் இருவரும் இறங்கினார்கள். இரண்டாம் மாடி தாண்டியதும் கோகுலனுக்குப் பொறுக்கவில்லை.

"என்னால உங்க பேர்ல லெட்டர் வந்திருச்சேக்கா."

"அது ஜூலை மாசமே வந்திருக்க வேண்டிய லெட்டர்டா" என்றாள் பிரமிளா. "இவ்வளவு நாளா நீ தூக்கிக்கிட்டு அலைஞ்ச."

கதவு திறந்தது. அடுப்புச் சூடு முகத்தில் அடித்தது. நூர்ஜானும் நஜ்வாவும் மற்றவர்களும் போட்டது போட்டபடி நின்றுகொண்டிருந்தார்கள். கோகுலன் பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, ராத்திரித் தட்டுகளுக்கு வரிசையின் கடைசியில் தன் இடத்தில் போய் நின்றான்.